உலாவியில் நேரலையும் பதிவும்: எச்எல்எஸ்.ஜேஎஸ் நிரல் நூலகம் பற்றிய மதிப்புரை

இணையப் பக்கத்தில் காணொளியை ஓட வைப்பது எளிய வேலை என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். ஒரு எம்பி4 கோப்பைச் சர்வரில் ஏற்றி, பக்கத்தில் வீடியோ டேக் ஒன்றை எழுதிவிட்டால் அது ஓடிவிடும் என்பது உண்மைதான். நேரலை என்று வந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. முடிவு தெரியாத ஒரு காணொளியை, வேகம் நிலையில்லாத இணைப்புகளில் இருக்கும் பல்வேறு கருவிகளுக்கு, இடையில் நின்றுவிடாமல் கொண்டுசேர்க்க வேண்டியிருக்கிறது. இசை விழா, பட்டமளிப்பு விழா, திருமணம் ஆகியவற்றுக்கு நேரலைப் பக்கங்கள் அமைத்துத் தருவது என் தொழில். அந்த வேலையில் நான் நெடுநாளாக நம்பிவரும் எச்எல்எஸ்.ஜேஎஸ் என்ற இலவச நிரல் நூலகத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணைப்பு சீராக இருக்கும்போது எல்லாப் பிளேயர்களும் நன்றாகவே ஓடும். இணைப்பு தடுமாறும்போது எது பார்வையாளரைத் தொந்தரவு செய்யாமல் தானே மீண்டுவருகிறதோ அதுவே நல்ல பிளேயர். அந்த அளவுகோலின்படி, எச்எல்எஸ் ஒளிபரப்பை உலாவியில் காட்ட இதைவிட நம்பகமான ஒன்றை நான் பயன்படுத்தியதில்லை. அதே நேரத்தில், இதன் இயல்பான அமைப்புகளை அப்படியே விட்டுவிடுபவர்களுக்கு இது முழுப் பயனையும் தராது.

எச்எல்எஸ் என்பது ஆப்பிள் நிறுவனம் 2009-இல் ஐஃபோனுக்காக அறிமுகப்படுத்திய ஒளிபரப்பு முறை. 2017 ஆகஸ்டில் அது ஆர்எஃப்சி 8216 என்ற பொது ஆவணமாக வெளிவந்தது. நீளமான காணொளியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி வைத்து, அந்தத் துண்டுகளின் பெயர்களை வரிசையாக ஓர் உரைக் கோப்பில் எழுதிவிடுவதே இதன் அடிப்படை. அந்தப் பட்டியல் கோப்பை நோட்பேடில் திறந்தால் யாரும் படித்துப் புரிந்துகொள்ளலாம்: ஒரு வரியில் துண்டின் நீளம், அடுத்த வரியில் அதன் முகவரி. துண்டு ஒவ்வொன்றும் 6 விநாடி இருக்கலாம் என்பது ஆப்பிளின் பரிந்துரை. துண்டுகள் சாதாரணக் கோப்புகளே என்பதால், படங்களையும் பக்கங்களையும் அனுப்பும் அதே வெப் சர்வர்களும், சிடிஎன் எனப்படும், பல இடங்களில் பரவிய நகல் சர்வர்களும் அவற்றை நகலெடுத்து வைத்துக்கொண்டு லட்சக்கணக்கானோருக்கு வழங்க முடிகிறது. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாதில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்ததாக ஹாட்ஸ்டார் அறிவித்தது. அத்தகைய கூட்டத்தைத் தாங்கும் வலிமை, காணொளியைத் துண்டுகளாக்கிச் சாதாரணக் கோப்புகளாக வழங்கும் இந்த அணுகுமுறைக்கே உண்டு.

ஆப்பிளின் சஃபாரி உலாவி இந்தப் பட்டியல் கோப்பைத் தானே படித்து ஓட்டியது. கணினியில் இயங்கும் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் நெடுங்காலம் அதைச் செய்யவில்லை; அங்கே ஃபிளாஷ் செருகுநிரல்தான் துணை. மீடியா சோர்ஸ் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற வசதி உலாவிகளுக்குள் வந்த பிறகு, ஜாவாஸ்கிரிப்ட் நிரலே துண்டுகளைத் தரவிறக்கி வீடியோ டேக்குக்கு ஊட்டலாம் என்ற நிலை ஏற்பட்டது. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பு அதை 2016 நவம்பரில் தன் பரிந்துரையாக ஏற்றது. அதற்கு முன்பே, பிரான்சின் டெய்லிமோஷன் நிறுவனத்தில் உருவாகி 2015-இல் பொதுவெளிக்கு வந்துவிட்டது எச்எல்எஸ்.ஜேஎஸ். 2020 டிசம்பர் இறுதியில் ஃபிளாஷுக்கு அடோபி நிறுவனம் விடைகொடுத்தபோது, இந்த நூலகத்துக்கு முன்பே மாறியிருந்த தளங்கள் எந்தச் சலனமும் இல்லாமல் அந்த நாளைக் கடந்தன.

இதன் உள்வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாராட்டுக்குரிய உழைப்பு அங்கேதான் இருக்கிறது. நேரலை என்கோடர்களும் (கேமராவின் படத்தைச் சுருக்கி அனுப்பும் கருவிகள் அல்லது நிரல்கள்) சர்வர்களும் பல இடங்களில் இன்றும் எம்பெக்-டிஎஸ் வடிவத் துண்டுகளையே தருகின்றன. அது செயற்கைக்கோள் மற்றும் கேபிள் ஒளிபரப்புக்காக உருவான வடிவம். ஒவ்வொன்றும் 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களின் தொடர்ச்சி. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றின் மீடியா சோர்ஸ் வசதியோ, துண்டாக்கிய எம்பி4 வடிவத்தையே எதிர்பார்க்கிறது. ஆகவே இந்த நூலகம், வந்திறங்கும் ஒவ்வொரு துண்டையும் பிரித்து, அதிலுள்ள படத்தையும் ஒலியையும் தனித்தனியே எடுத்து, எம்பி4 உறையில் மீண்டும் பொதிந்து உலாவியிடம் ஒப்படைக்கிறது. படத்தை மறுபடி என்கோட் செய்வதில்லை என்பதால் தரம் குறைவதில்லை. இந்த வேலை வெப் வொர்க்கர் என்ற தனி இழையில் நடப்பதால், பழைய லேப்டாப்பில்கூடப் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது திக்கல் தெரிவதில்லை. ஒலியில் சிறு இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் மௌனச் சட்டகத்தை (ஃபிரேம்) சொருகி, உதடும் ஒலியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் பார்த்துக்கொள்கிறது. மலிவான என்கோடர்களிலிருந்து வரும் ஒலியில் இத்தகைய இடைவெளிகள் சர்வசாதாரணம்.

இதில் ஒரு நுணுக்கத்தை மட்டும் தனியாகக் காட்டுகிறேன். எம்பெக்-டிஎஸ் வடிவத்தில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு நேர முத்திரை உண்டு. அது விநாடிக்கு 90,000 என்ற கணக்கில் ஓடும் 33 பிட் எண். ஏறத்தாழ 26 மணி 30 நிமிடத்தில் அந்த எண் தன் உச்சத்தைத் தொட்டு மீண்டும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு இதைப் பற்றிய கவலை அரிதாகவே எழும். நாள் முழுவதும் ஓடும் ஒளிபரப்பில் இது தவறாமல் நேரும். ஒரு கோயிலின் இருபத்து நான்கு மணி நேரக் காட்சிக்காக வேறொரு பிளேயர் பயன்படுத்தப்பட்ட இடத்தில், படம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு உறைந்தது, மறுநாள் எட்டரைக்கு, அதற்கடுத்த நாள் பதினொன்றுக்கு. இணைய நிறுவனத்தையும் மின்தடையையும் எல்லாரும் மாறிமாறிக் குறைசொல்லிக்கொண்டிருந்தனர். நாளுக்கு இரண்டரை மணி நேரம் தள்ளிப்போகும் அந்த ஒழுங்கே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. எச்எல்எஸ்.ஜேஎஸ் இந்த எண் திரும்புவதைக் கண்டறிந்து, முந்தைய முத்திரையோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்கிறது. பிளேயரை மாற்றிய பிறகு அந்தக் காட்சி உறையவில்லை. விளம்பரப் பக்கங்களில் இடம்பெறாத இத்தகைய வேலைதான் ஒரு நூலகத்தின் மீது நம்பிக்கையை வளர்க்கிறது.

நேரலையில் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி தாமதத்தைப் பற்றியது. நாகசுரம் ஒலிப்பது மண்டபத்தில் ஒரு நேரம், திரையில் ஒரு நேரம் என்றால் தாலி கட்டும் தருணத்தில் கைப்பேசியில் வாழ்த்துச் சொல்பவர்களுக்குச் சங்கடம்தான். இந்த நூலகம் தன் இயல்பான அமைப்பில், பட்டியலின் கடைசி முனையிலிருந்து மூன்று துண்டு நீளம் பின்தங்கி ஓடத் தொடங்குகிறது. துண்டு 6 விநாடி என்றால் 18 விநாடி. அதனுடன் என்கோடர் எடுத்துக்கொள்ளும் நேரமும் மேலேற்றும் நேரமும் சேரும். துண்டை 2 விநாடியாகக் குறைத்தால் தாமதமும் குறையும். ஆனால் துண்டு, கீஃபிரேம் என்ற முழுப் படச் சட்டகம் வரும் இடத்தில் மட்டுமே வெட்டப்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். காணொளியைத் துண்டுகளாக்கும் எஃப்எஃப்எம்பெக் நிரலில் துண்டின் நீளம் இயல்பாகவே 2 விநாடிதான். ஆயினும் ஓபிஎஸ் என்ற நேரலை ஒளிபரப்பு நிரலில் கீஃபிரேம் இடைவெளியைத் தானியங்கி என்று விட்டுவிட்டு அது பத்து விநாடிக்கு ஒன்றாக வந்தால், துண்டும் பத்து விநாடியாகவே அமையும். ஓபிஎஸ்ஸில் அந்த இடைவெளியை 2 என்று குறிப்பிட்டு எழுதுவதே இதற்குத் தீர்வு. இந்தக் குறைக்காகப் பிளேயரைப் பழிப்பதில் பொருளில்லை.

இதைவிடக் குறைந்த தாமதம் வேண்டுவோருக்காக, துண்டையும் உட்பிரிவுகளாக்கி அனுப்பும் லோ லேட்டன்சி எச்எல்எஸ் முறையை ஆப்பிள் 2019-இல் அறிவித்தது. 2021-இல் வந்த இந்த நூலகத்தின் 1.0 பதிப்பு அதை ஏற்கிறது. சர்வரும் அதற்கேற்ப அமைந்திருந்தால்தான் பயன் உண்டு. பின்தங்கியவர்களை மெல்ல வேகப்படுத்தி முனைக்கு அழைத்துவரும் வசதியும் இருக்கிறது. இயல்பில் அது அணைக்கப்பட்டிருக்கும். கச்சேரிக்கு அதை நான் இயக்குவதில்லை, ஏனென்றால் தாளத்தின் வேகத்தைச் சிறிதளவு மாற்றினாலும் கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும். இருவழி உரையாடல் வேண்டுமென்றால் எச்எல்எஸ் முறையே பொருந்தாது; வெப்ஆர்டிசி பக்கம் போக வேண்டியதுதான்.

இணைப்பின் வேகத்துக்கேற்பத் தரத்தை மாற்றும் பகுதி மிக நிதானமாக எழுதப்பட்டிருக்கிறது. தரவிறங்கும் ஒவ்வொரு துண்டும் எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து, அண்மை நிலவரத்துக்கு அதிக எடை தரும் ஒரு சராசரியையும், சற்று நீண்ட நிலவரத்தைப் பிரதிபலிக்கும் இன்னொரு சராசரியையும் வைத்துக்கொண்டு, இரண்டில் எது குறைவோ அதையே இணைப்பின் வேகமாக எடுத்துக்கொள்கிறது. மேல் தரத்துக்கு ஏறும்போது அந்த வேகத்திலும் 70 விழுக்காட்டை மட்டுமே நம்புகிறது. ஏறுவதற்குத் தயக்கம், இறங்குவதற்கு விரைவு என்ற இந்தப் போக்கு, ரயிலிலும் பேருந்திலும் பார்ப்பவர்களுக்கு மிகவும் உகந்தது. ஒரு துண்டு பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போதே, அது முடிவதற்குள், முன்கூட்டியே இறக்கி வைத்த கையிருப்பு தீர்ந்துவிடும் என்று கணக்கிட்டால், அதைக் கைவிட்டுக் குறைந்த தரத் துண்டைக் கேட்கிறது. குரோமின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, இணைப்பை வேண்டுமென்றே மெதுவாக்கிவிட்டு, நெட்வொர்க் பட்டியலைப் பார்த்தால் இது கண்முன்னே நடக்கும். 1080 என்ற பெயருள்ள துண்டு ரத்து என்ற குறியுடன் நிற்க, அதன் கீழே 360 என்ற பெயருள்ள துண்டு உடனே வந்து இறங்கும். திரையில் படம் சற்று மங்கும், ஆனால் பாட்டு நிற்காது. இசை நிகழ்ச்சியை ஒளிபரப்புபவனுக்கு இதைவிட முக்கியமானது ஒன்றுமில்லை. தொடக்கத்தில் மட்டும் இணைப்பு விநாடிக்கு 500 கிலோபிட் என்று எண்ணிக்கொள்வதால், நல்ல ஃபைபர் இணைப்பிலும் முதல் சில விநாடிகள் படம் மங்கலாகத் தோன்றலாம். பார்வையாளர்களில் பெரும்பாலோர் வீட்டு இணைப்பில் இருப்பவர்கள் என்று தெரிந்தால், அந்த எண்ணை உயர்த்திவிடுவது நல்லது.

இனி, தவறுகளைக் கையாளும் முறை. ஒரு துண்டு வரவில்லை என்றால் இந்த நூலகம் உடனே கைவிரிப்பதில்லை. சர்வர் பிழை தந்தால் ஆறு முறை வரை மீண்டும் கேட்கிறது. முயற்சிகளுக்கு இடையே ஒரு விநாடியில் தொடங்கி எட்டு விநாடி வரை காத்திருக்கிறது. கையிருப்பில் சிறு ஓட்டை இருந்து படம் அங்கே முட்டிக்கொண்டு நின்றால், 0.1 விநாடி முன்னே தள்ளிப் பார்க்கிறது. தன்னால் முடியாதபோதுதான் ‘ஃபேட்டல்’ என்ற குறியுடன் பிழையை நம் நிரலுக்கு அறிவிக்கிறது. அப்போதும் வழி இருக்கிறது. பிழை நெட்வொர்க் சார்ந்தது என்றால் தரவிறக்கத்தை மீண்டும் தொடங்கச் சொல்லலாம்; படத்தையும் ஒலியையும் விரித்துக் காட்டும் கோடெக் சார்ந்தது என்றால் ‘ரிகவர் மீடியா எரர்’ என்ற ஒற்றைக் கட்டளை, வீடியோ டேக்கைப் பிரித்து மீண்டும் இணைத்து, விட்ட இடத்திலிருந்து ஓட வைக்கிறது. விழா நடுவே மின்சாரம் போய் ஜெனரேட்டர் எழும் வரை என்கோடர் நின்றுவிடுவது நம் ஊர் மண்டபங்களில் எதிர்பாராத நிகழ்வு அன்று. என்கோடர் மீண்டும் எழும்போது நேர முத்திரைகள் தொடக்கத்திலிருந்து வரும். பட்டியலில் தொடர்ச்சி அறுந்தது என்ற குறியைச் சர்வர் முறையாக எழுதியிருந்தால், பார்வையாளர் பக்கத்தைப் புதுப்பிக்காமலே காட்சி தொடர்கிறது. இந்த ஒரு பண்புக்காகவே இதை நான் பரிந்துரைப்பேன்.

ஆனால் இங்கேயே ஒரு குறையும் உள்ளது. சர்வர் 404 என்று பதில் சொன்னால், கோப்பு இல்லவே இல்லை என்று பொருள்கொண்டு இந்த நூலகம் மறுமுயற்சி செய்வதில்லை. பொதுவாக அது சரியான முடிவே. நேரலைப் பக்கத்திலோ, என்கோடர் அனுப்பத் தொடங்கும் வரை பட்டியல் கோப்பு இருப்பதில்லை. ஒன்பது மணி முகூர்த்தத்துக்கு எட்டே முக்காலுக்கே வந்து காத்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்குக் கறுப்புத் திரை மட்டுமே மிஞ்சும், விழா தொடங்கிய பின்னும் அது கறுப்பாகவே இருக்கும். எனவே அந்தப் பிழையைப் பக்கத்தின் நிரல் பிடித்து, ‘நிகழ்ச்சி விரைவில் தொடங்கும்’ என்று காட்டிவிட்டு, சில விநாடிகளுக்கு ஒருமுறை மீண்டும் ஏற்றிப் பார்க்க வேண்டும். சில வரி வேலைதான். ஆனால் நூலகத்தின் மாதிரி நிரலை அப்படியே ஒட்டுபவர்கள் இதைத் தவறவிடுகின்றனர். இதையொட்டிய இன்னொரு சிக்கல் சிடிஎன்னில் இருக்கிறது. துண்டுகளை நெடுநேரம் நகல் வைத்துக்கொள்ளலாம், பட்டியலை அவ்வாறு வைத்துக்கொள்ளக் கூடாது. பட்டியலையும் ஒரு நிமிடம் நகல் வைத்துக்கொள்ளுமாறு அமைத்துவிட்டால், பிளேயர் எத்தனை முறை கேட்டாலும் பழைய பட்டியலே திரும்பி வந்து, படம் நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடும். பஃபரிங் புகார்களில் கணிசமானவை பிளேயரால் வருவன அல்ல என்பதை இந்தத் தொழிலில் இருப்போர் அனைவரும் அறிவர்.

இயல்பான அமைப்புகளில் இரண்டை எல்லோரும் மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலாவது, பார்த்து முடித்த பகுதியை எவ்வளவு நேரம் நினைவகத்தில் வைத்துக்கொள்வது என்பது. இயல்பில் அதற்கு எல்லையே இல்லை. உலாவியே இடமில்லை என்று நெருக்கும்போதுதான் பழையவை நீங்கும். நான்கு மணி நேரக் கச்சேரியை 2 ஜிபி நினைவகம் உள்ள ஃபோனில் பார்ப்பவருக்கு இது தொல்லை. ‘பேக் பஃபர் லெங்த்’ என்ற அமைப்பில் 30 முதல் 90 விநாடி வரை ஏதேனும் ஓர் எண்ணை எழுதிவிட்டால் போதும். இரண்டாவது, சிறிய சட்டத்தில் படம் ஓடும்போதும் பெரிய தரத்தைத் தரவிறக்குவது. விநாடிக்கு 5 மெகாபிட் என்ற 1080 தரம் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி டேட்டாவை எடுத்துக்கொள்ளும். 1 மெகாபிட்டில் ஓடும் 480 தரத்துக்கு 450 எம்பி போதும். நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவரின் ஃபோனில், உள்ளங்கை அகலப் படத்துக்கு 1080 தரம் அனுப்புவது நியாயமில்லை. படத்தின் அளவைத் தாண்டிய தரத்தை எடுக்காதே என்று கட்டளையிடும் ‘கேப் லெவல் டு பிளேயர் சைஸ்’ அமைப்பு இதற்காகவே இருக்கிறது. அது ஏன் இயல்பிலேயே இயங்கும்படி வைக்கப்படவில்லை என்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

ஐஃபோனில் நிலைமை வேறு. அங்கே நெடுங்காலம் மீடியா சோர்ஸ் வசதியே இல்லாததால், இந்த நூலகம் வேலை செய்யாது. சஃபாரியின் சொந்த இயக்கத்திடம் பட்டியலின் முகவரியைக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும். 2023-இல் வந்த ஐஓஎஸ் 17.1 பதிப்பில் ‘மேனேஜ்டு மீடியா சோர்ஸ்’ என்ற வசதி கிடைத்தது, நூலகத்தின் 1.5 பதிப்பு அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. பழைய ஐஃபோன்கள் இன்னும் பலரிடம் இருப்பதால் இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்திருப்பது அவசியம். நூலகம் இயங்குமா என்று முதலில் கேட்டுப் பார்த்துவிட்டு, இல்லை என்ற பதில் வந்தால் மட்டும் சொந்த இயக்கத்துக்குப் போக வேண்டும்; வரிசையை மாற்றினால், ஆண்ட்ராய்டு குரோம் தன்னாலும் முடியும் என்று சொல்லிவிடும், நாம் அமைத்த எதுவும் அங்கே செல்லுபடியாகாது. கட்டணப் பார்வையாளர்களுக்கு மட்டும் காட்டும் நிகழ்ச்சியில் அனுமதிக் குறியீட்டை எச்டிடிபி தலைப்பில் அனுப்புவது சஃபாரியின் சொந்த இயக்கத்தில் இயலாது. அதைக் குக்கியிலோ முகவரியின் வாலிலோ சேர்த்துவிடுவது எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும்.

பதிவுக் காணொளிக்கு வருவோம். நேரலையும் பதிவும் ஒரே பட்டியலின் இரு நிலைகள் என்பது எச்எல்எஸ் முறையின் அழகு. நிகழ்ச்சி முடிந்ததும் பட்டியலின் கடைசியில் ‘எண்ட்லிஸ்ட்’ என்ற ஒரு வரி சேர்ந்துவிட்டால், அதே முகவரி அப்போதிருந்து பதிவாகிவிடுகிறது. துண்டுகளை அழிக்காமல் வைத்திருந்தால், தாமதமாக வந்தவர் ஆலாபனையின் தொடக்கத்திலிருந்தே கேட்கலாம். எஃப்எஃப்எம்பெக் இயல்பில் கடைசி ஐந்து துண்டுகளை மட்டுமே பட்டியலில் வைத்திருக்கும் என்பதால், இதற்கு அந்த எல்லையை நீக்கிவிட வேண்டும். இந்த நூலகம் பதிவை ஓட்டும்போது குறைந்தது 30 விநாடி முன்னிருப்பு வைத்துக்கொள்ளப் பார்க்கிறது; முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பவருக்கு எந்தத் துண்டு தேவையோ அதை மட்டும் எடுக்கிறது. இரண்டு மணி நேர விரிவுரை, ஒரு பருவம் முழுவதற்குமான பாடங்கள் ஆகியவற்றுக்கு இது மிகப் பொருத்தம். ஐந்து நிமிட அறிமுகக் காணொளிக்கு இது தேவையே இல்லை. எம்பி4 கோப்பின் குறிப்புத் தகவலை முன்பக்கத்துக்கு நகர்த்தும் ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ கட்டளையுடன் கோப்பை உருவாக்கி, நேராக வீடியோ டேக்கில் கொடுத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் எச்எல்எஸ் என்று கிளம்புபவர்கள் பக்கத்தின் எடையைக் காரணமின்றிக் கூட்டுகின்றனர். இந்த நூலகம் சில நூறு கிலோபைட் கனம் உடையது. மாற்று ஒலி, வசன வரி ஆகியவை நீக்கப்பட்ட ‘லைட்’ பதிப்பும் கிடைக்கிறது.

அந்த லைட் பதிப்பை நான் தேர்ந்தெடுப்பதில்லை, ஏனென்றால் நம் மொழிக்குத் தேவையானவை அதில்தான் விடுபட்டிருக்கின்றன. ஒரே படத்துக்குத் தமிழ், ஆங்கிலம் என இரண்டு ஒலித்தடங்களைப் பட்டியலில் கொடுத்து, பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, மொழிக் குறியை ‘டிஏ’ (ta) என்று வைத்தால், முழுப் பதிப்பு அதை அப்படியே படித்து, மாற்றும் வசதியை நம் நிரலுக்குத் தருகிறது. கருத்தரங்குகளில் மொழிபெயர்ப்பாளரின் குரலை இரண்டாவது தடமாக அனுப்ப இது அருமையான வழி. வெப்விடிடி வடிவ வசன வரிகளை யூனிகோடில் எழுதினால், எழுத்துகள் உலாவியின் எழுத்துருவிலேயே வருவதால் கொம்பும் காலும் சிதைவதில்லை. படத்தின் மீதே எழுத்தைப் பொறித்துவிடும் பழைய வழக்கத்தில், மங்கிய தரத்தில் புள்ளியும் சுழியும் கரைந்துபோகும். இங்கே படம் எவ்வளவு மங்கினாலும் எழுத்து தெளிவாகவே நிற்கிறது. காது கேளாத பார்வையாளர்களை மனத்தில் வைத்து நேரலைப் பக்கம் அமைக்கும் யாரும் இதைப் புறக்கணிக்கக் கூடாது.

குறைகளில் முதன்மையானது, இதில் பொத்தான்கள் எவையும் இல்லை என்பது. இது ஓட்டும் இயக்கம் மட்டுமே. ஒலியளவு, முழுத்திரை ஆகியவற்றுக்கு உலாவியின் சொந்தப் பொத்தான்களே போதும். தரத் தேர்வும் நேரலை முனைக்குத் தாவும் வசதியும் வேண்டுமென்றால் நாமே எழுத வேண்டும் அல்லது பிளையர் (Plyr) போன்ற ஒரு மேலுறையைச் சேர்க்க வேண்டும். 2010 முதல் இருந்துவரும் வீடியோ.ஜேஎஸ், பொத்தான்களும் தன் சொந்த எச்எல்எஸ் இயக்கமும் சேர்ந்தே கிடைப்பதால், நிரலெழுத நேரமில்லாதவர்களுக்கு அதுவே வசதி; ஆனால் உடைந்த ஒளிபரப்புகளில் எச்எல்எஸ்.ஜேஎஸ் அளவுக்குத் துல்லியமான கட்டுப்பாடு அதில் கைக்கு எட்டுவதில்லை என்பது என் அனுபவம். கூகுளின் ஷாக்கா பிளேயர், டேஷ் என்ற இன்னொரு முறையையும் எச்எல்எஸ்ஸையும் சேர்த்தே ஓட்டும். ஆஃப்லைனில் சேமித்துப் பார்க்கும் வசதியும் தரும். டேஷ் ஒளிபரப்பு கையிலிருந்தால் அதை நாட வேண்டும், ஏனென்றால் எச்எல்எஸ்.ஜேஎஸ் அதைத் தொடுவதே இல்லை. ஐபி கேமராக்கள் தரும் ஆர்டிஎஸ்பி ஒளிபரப்பை இவற்றில் எதுவும் ஓட்டாது. இடையில் ஒரு சர்வர் அதை எச்எல்எஸ்ஸாக மாற்றித் தர வேண்டும். இந்த உண்மையைச் சொல்லாமல் கேமரா விற்கும் கடைகளால் பலர் ஏமாற்றம் அடைகின்றனர்.

ஆவணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமைப்புகள் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் இருக்கிறது. எந்தச் சூழலுக்கு எந்த அமைப்புகளைச் சேர்த்து மாற்றுவது என்ற வழிகாட்டல் குறைவு. புதிதாக வருபவர், பெயர்கள் நிறைந்த அந்த நீண்ட பக்கத்தில் திகைத்துவிடுவார். அதற்கு ஈடாக, திட்டத்தின் சோதனைப் பக்கம் மிகச் சிறந்த கருவி. நம் பட்டியலின் முகவரியை அங்கே இட்டால், கையிருப்பின் நீளம், தேர்ந்தெடுத்த தரம், ஒவ்வொரு துண்டும் எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவற்றைப் படமாக வரைந்து காட்டும். அங்கே ஓடி நம் பக்கத்தில் ஓடவில்லை என்றால் தவறு நம் பக்கத்தில். இரண்டிலும் ஓடவில்லை என்றால் சர்வரில் தேட வேண்டும். அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது, வேறு தளத்திலிருந்து கோப்புகளைக் கேட்க அனுமதிக்கும் சிஓஆர்எஸ் தலைப்பைச் சர்வர் அனுப்புகிறதா என்பதும், எச்டிடிபிஎஸ் பக்கத்தில் வெறும் எச்டிடிபி முகவரி இடப்பட்டிருக்கிறதா என்பதும்தான். பக்கம் திறந்தவுடன் ஒலியோடு தானே ஓட வேண்டும் என்று வற்புறுத்தும் வாடிக்கையாளர்களுக்கும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 2018 ஏப்ரலில் வந்த குரோம் 66 பதிப்பிலிருந்து, பார்வையாளர் தொடாமல் ஒலியுடன் ஓடுவதை உலாவி தடுக்கிறது. ஒலியில்லாமல் தொடங்கிவிட்டு, ‘ஒலியை இயக்கத் தொடவும்’ என்று பெரிய எழுத்தில் காட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

விலை எதுவும் இல்லை, அப்பாச்சி 2.0 உரிமத்தில், வணிகப் பயன்பாடு உட்பட எல்லாவற்றுக்கும் இலவசம். பக்கத்தில் சேர்க்கும்போது, எப்போதும் புதிய பதிப்பையே தரும் முகவரியைப் பயன்படுத்தாமல், சோதித்துப் பார்த்த பதிப்பின் எண்ணைக் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். முடிந்தால் கோப்பை நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பதிப்பு மாறும்போது இயல்பான அமைப்புகளும் சில நேரம் மாறும். முகூர்த்த நாள் காலையில் அந்த மாற்றம் நம் பக்கத்துக்குள் தானாக வந்து இறங்கக் கூடாது. புதிய பதிப்பை ஏற்பதற்கு முன், குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஒரு பழைய ஐஃபோன், நினைவகம் குறைந்த ஓர் ஆண்ட்ராய்டு ஃபோன் ஆகிய நான்கிலும் நேரலையை ஓடவிட்டு, நடுவில் என்கோடரின் கேபிளைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மீண்டும் சொருகிப் பார்க்க வேண்டும். நான்கும் தாமாகவே காட்சிக்குத் திரும்பினால் அந்தப் பதிப்பைத் தயங்காமல் ஏற்றலாம்.